முப்பரிமாண விளக்கப்படங்களைத் தெளிவாக்குதல்

எண்களின் தொகுதியை ஒரே பார்வையில் உணர்த்த விளக்கப்படம் உதவுகிறது. படவில்லைகளில் அதற்கு ஆழமும் சேர்த்து முப்பரிமாணத் தோற்றம் அளிப்பதுண்டு. அத்தோற்றம் கண்ணைக் கவரும். ஆனால், அளவைத் தவறாக உணர்த்தவும் கூடும்.

ஒரு சான்று

2008ஆம் ஆண்டு சனவரியில் நடைபெற்ற மேக்வேர்ல்டு மாநாட்டில், ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் அமெரிக்கத் திறன்பேசிச் சந்தையை முப்பரிமாண வட்ட விளக்கப்படமாகக் காட்டினார். அதில் ஆப்பிளின் பங்கு 19.5 விழுக்காடு, 'பிற' என்னும் பிரிவின் பங்கு 21.2 விழுக்காடு. எனினும், வட்டின் முன்புறத்தில் அமைந்திருந்த ஆப்பிளின் துண்டே பெரியதாகத் தோன்றியது. எண்கள் உரிய இடத்தில் எழுதப்பட்டிருந்தும் படம் வேறொன்றைக் கூறியது.

பிழை தோன்றும் முறை

வட்டினைச் சாய்த்தால் அது நீள்வட்டமாகத் தெரியும். துண்டுகளின் கோணங்கள் மாறுபடும். முன்புறத் துண்டுடன் வட்டின் தடிமனும் சேர்ந்து தெரிவதால் அது பெருத்துக் காணப்படும். தூண் விளக்கப்படத்திலோ, பின்வரிசைத் தூண்கள் சிறுத்துத் தெரியும்; முன்நிற்கும் உயர்ந்த தூண்கள் அவற்றை மறைக்கும்.

திருத்தும் வழிகள்

பவர்பாயிண்ட் மென்பொருளில் விளக்கப்படத்தின்மீது வலச்சொடுக்கினால் முப்பரிமாணச் சுழற்சிக்கான அமைப்புகள் கிடைக்கும். அவற்றைக் கொண்டு பின்வருவனவற்றைச் செய்யலாம்.

1. தூண் விளக்கப்படத்தில் செங்கோண அச்சுகளைத் தெரிவு செய்க. தொலைவினால் தூண்கள் சிறுத்துத் தோன்றுவது நீங்கும்.
2. ஆழத்தின் அளவைக் குறைக்க.
3. குட்டையான தூண்களை முன்வரிசையிலும் உயரமானவற்றைப் பின்வரிசையிலும் அமைக்க.
4. வட்ட விளக்கப்படத்தின் சாய்வைக் குறைத்து, மேலிருந்து நோக்குவதுபோல் திருப்புக.
5. ஒவ்வொரு தூணுக்கும் துண்டுக்கும் உரிய மதிப்பைத் தெளிவாக எழுதுக.

சோதித்தல்

இறுதியாக, எண்களை மறைத்துவிட்டுப் படத்தை நண்பர் ஒருவரிடம் காட்டி, "எது பெரியது?" என வினவுக. அவரது விடை தரவுகளுடன் முரண்பட்டால், அப்படத்தை இருபரிமாணமாக மாற்றுவதே முறை. மாவட்டமும் மழையளவும் போன்ற இரு செய்திகளை மட்டும் காட்டும் படத்தில் ஆழத்திற்குப் பொருள் ஏதுமில்லை. அவையோர் எண்களைப் படிக்குமுன் படத்தையே காண்பர். ஆதலால், படம் தரும் செய்தியும் எண்கள் தரும் செய்தியும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.