வலிப்பைப் பழகிக்கொள்ளும் மூளை

மூளையின் நியூரான்கள் பெருங்கூட்டமாக ஒரே நேரத்தில் கட்டுக்கடங்காமல் மின்துடிப்புகளை வெளியிடுவதால் வலிப்பு உண்டாகிறது. உடனடித் தூண்டுகாரணம் ஏதுமின்றி அது திரும்பத் திரும்ப வரும் இயல்பை மூளை பெற்றுவிடும் நிலையே வலிப்பு நோய். வலிப்புக்கான தூண்டல் சுவடின்றி மறைகிறதா, அல்லது அடுத்த வலிப்புக்கு மூளையில் வழியமைத்துச் செல்கிறதா என்பதை ஆராய உதவும் விலங்கு மாதிரிகளுள் முதன்மையானது 'கிண்ட்லிங்'.

கனடாவில் எலிகளின் கற்றலை ஆராய்ந்துவந்த கிரஹாம் கோடார்டு, 1967-இல் இந்நிகழ்வை அறிவித்தார். உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியில் மின்முனையைப் பொருத்தி, நாளுக்கு ஒருமுறை சில நொடிகள் மட்டும் வலுக்குறைந்த மின்சாரம் செலுத்தினால், தொடக்கத்தில் எலியிடம் புறமாற்றம் ஏதும் தெரிவதில்லை. நாள்கள் செல்லச்செல்ல வாய் அசைகிறது, தலை ஆடுகிறது, முன்கால்கள் துடிக்கின்றன, பின்னர் எலி பின்கால்களில் எழுந்து நின்று, இறுதியில் நிலைகுலைந்து விழுகிறது. இவ்வரிசையை ரொனால்டு ரசீன் 1972-இல் ஐந்து படிகளாக வகுத்தார். மின்சாரத்தின் அளவு கூட்டப்படாமலேயே விளைவு பெருகுவதால், மாறியது மூளையே என்பது தெளிவு. மாதக்கணக்கில் தூண்டலை நிறுத்தி வைத்தாலும் அம்மாற்றம் அழிவதில்லை. மேலும், சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்துத் தரப்படும் தூண்டல்களைவிட, நாளுக்கு ஒன்றாகத் தரப்படுபவை குறைந்த எண்ணிக்கையிலேயே இவ்விளைவைத் தருகின்றன.

இதன் அடிப்படையை நியூரான்களின் இணைப்பிடங்களான சினாப்ஸ்களில் காணலாம். கிளர்ச்சியூட்டும் வேதிப்பொருளான குளூட்டமேட்டை ஏற்கும் என்எம்டிஏ ஏற்பிகளை மருந்தால் அடைத்தால் கிண்ட்லிங் தாமதமாகிறது. நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸில், கிரான்யூல் செல்களிலிருந்து வெளியே செய்தி கொண்டுசெல்லும் 'மாசி' நார்கள் புதிதாகக் கிளைத்து, அதே வகைச் செல்களை நோக்கித் திரும்பி வளர்கின்றன. இந்நார்களில் துத்தநாகம் மிகுந்திருப்பதால், டிம் சாயமுறை அவற்றைக் கருநிறமாகக் காட்டுகிறது. இத்தகைய பின்னூட்டச் சுற்று கிளர்ச்சியைப் பெருக்கலாம். எனினும், புதிய கிளைகளுள் சில தடுப்பு நியூரான்களையும் சென்றடைவதால், வலிப்பில் அவற்றின் பங்கு குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

இம்மாதிரிக்கு எல்லைகளும் உண்டு. தூண்டல் மிகப் பலமுறை தொடர்ந்தாலன்றி எலிக்குத் தானாக வலிப்பு வருவதில்லை. மனித மூளையிலும் இதே செயல்முறை நிகழ்வதாக நிறுவப்படவில்லை. ஆயினும், வலிப்பை அடக்குவதும் வலிப்பு நோய் உருவாவதைத் தடுப்பதும் வெவ்வேறு பணிகள் என்பதை இம்மாதிரி புலப்படுத்தியது; இன்றைய மருந்துகள் பெரும்பாலும் முதற்பணியையே செய்கின்றன.