கைநாட்டு வைக்குமுன்

பட்டறையிலோ கட்டட வேலையிலோ ஒருவர் அடிபட்டால், நம் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, "தவறு யாருடையது?" என்பதே. "அவன்தான் கவனமில்லாமல் இருந்தான்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டால் வீட்டார் வாயடைத்துப் போகின்றனர். மருத்துவச் செலவுக்கென்று கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு, நீட்டிய தாளில் கைநாட்டும் வைத்துவிடுகின்றனர்.

சட்டம் இக்கேள்வியிலிருந்து தொடங்குவதில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வகுத்த நெறி, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்ததென்றால் போதும். முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. குடிபோதையில் இருந்தார், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றினார் என்று முதலாளி வாதிடலாம். ஆனால் மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்துவிட்டால் அவ்வாதம் எடுபடாது.

ஒரு விரலுக்கு விலை போடுவது நமக்கும் உவப்பானதன்று. ஆயினும் கணக்கை அறிந்திருத்தல் நலம். மாதம் 10,000 ரூபாய் பெறும் 30 வயதுத் தொழிலாளி கட்டைவிரலை இழந்தார் என்று கொள்வோம். ஊதியத்தில் 60 விழுக்காடான 6,000 ரூபாயை, அவ்வயதுக்குரிய 207.98 என்னும் எண்ணால் பெருக்கினால் 12,47,880 ரூபாய். கட்டைவிரல் இழப்பு 30 விழுக்காடு எனச் சட்டம் மதிப்பதால், அவருக்குரியது 3,74,364 ரூபாய். மருத்துவமனை வாசலில் திணிக்கப்படும் சில ஆயிரங்களை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கைநாட்டு வைத்தாயிற்றே என்று கலங்குவோரும் உண்டு. நஷ்டஈட்டு உரிமையைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. இறந்தவருக்குரிய நஷ்டஈட்டையோ, முதலாளி அதிகாரியிடமே செலுத்த வேண்டும். குடும்பத்தாரிடம் நேரில் கொடுத்து முடித்துக்கொள்ள முடியாது.

ஒப்பந்தக்காரர் தலைமறைவானால், தம் தொழிலின் ஒரு பகுதியை அவரிடம் ஒப்படைத்த முதலாளியிடமே கேட்கலாம். இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவர்கள் அதன் வழியாகவே உதவி பெற வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவும் வழியுண்டு. ஆனால் அங்கே முதலாளியின் தவறை மெய்ப்பிக்க வேண்டும், இரண்டு வழிகளிலும் பெறவும் இயலாது.

விபத்தை உடனே முதலாளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மருத்துவமனைச் சீட்டையும், உடன் வேலை செய்தவர்களின் பெயர்களையும் பத்திரப்படுத்துங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விபத்து வெளியூரில் நேர்ந்திருந்தாலும், குடும்பம் வாழும் பகுதிக்குரிய அதிகாரியிடமே மனுச் செய்யலாம்.