ஹோஸ்டிங் மாத்தப் போறீங்களா? டிஎன்எஸ்-ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிடுங்க!

ஆன்லைனில் சேலை விற்கும் ஒரு சின்னக் கடை. தீபாவளிக்கு இன்னும் பத்து நாள்தான். வெப்சைட் ரொம்ப ஸ்லோ என்று புது சர்வருக்கு மாற்றுகிறார்கள். ஃபைல்களை ஏற்றியாச்சு, டேட்டாபேஸும் காப்பி ஆகிவிட்டது. டிஎன்எஸ் ரெக்கார்டை மாற்றிவிட்டுத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை! பதறிப்போய் பழைய ஐபி முகவரியையே திரும்பப் போடுகிறார்கள். ஆனாலும் சில வாடிக்கையாளர்களுக்கு அன்று முழுக்க வெள்ளைத் திரைதான்.

ஏன் இப்படி? டிஎன்எஸ் சொல்லும் பதிலை இன்டர்நெட் நிறுவனங்களின் சர்வர்கள் கொஞ்ச நேரம் சேமித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்பதைச் சொல்வது ‘டிடிஎல்’. அது 86400 விநாடி என்று இருந்தால், ஒரு முழு நாள். நடுவில் வாங்கிப்போன தப்பான பதிலுக்கும் அதே ஆயுள்தான்.

இதைத் தவிர்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. ஊருக்கெல்லாம் பழைய சர்வர், உங்கள் லேப்டாப்புக்கு மட்டும் புது சர்வர். அதைச் செய்வது ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற ஒரு குட்டி டெக்ஸ்ட் ஃபைல். 1983-ல் பால் மொகாபெட்ரிஸ் டிஎன்எஸ்-ஐ வடிவமைப்பதற்கு முன்பு, மொத்த நெட்வொர்க்கின் முகவரிகளும் இப்படி ஒரே ஃபைலில்தான் இருந்தன. இன்றைக்கும் கம்ப்யூட்டர் வழக்கமாக டிஎன்எஸ்-ஐக் கேட்பதற்கு முன் இந்த ஃபைலைத்தான் பார்க்கும்.

விண்டோஸில் சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போனால் கிடைக்கும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால்தான் சேவ் ஆகும். மேக், லினக்ஸில் ஈடிசி ஃபோல்டரிலேயே இருக்கும். கடைசி வரியில் புது சர்வரின் ஐபி (203.0.113.10 மாதிரி), ஒரு இடைவெளி, பிறகு டொமைன் பெயர். முன்னால் ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ சேர்த்த பெயரையும் அதே வரியில் போட வேண்டும். ஃபைல் அதைத் தானாகப் புரிந்துகொள்ளாது. பிறகு டொமைனுக்கு ‘பிங்’ கொடுத்துப் பாருங்கள், புது ஐபி காட்டினால் சரி. மொபைலில் இதைச் செய்ய ரூட் மாதிரியான வேலைகள் தேவைப்படும் என்பதால் கம்ப்யூட்டரே பெஸ்ட்.

‘நேரா ஐபி-யை பிரவுசர்ல அடிச்சா போதாதா?’ போதாது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே ஐபி-யில் நிறைய சைட்கள் இருக்கும். எந்தப் பெயரைக் கேட்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் சர்வர் பக்கத்தைத் தரும். வேர்ட்பிரஸ் இன்னும் மோசம். தன் டொமைன் பெயரை டேட்டாபேஸில் வைத்திருப்பதால், சத்தமில்லாமல் உங்களைப் பழைய சர்வருக்கே அனுப்பிவிடும். ‘சூப்பரா வேலை செய்யுது’ என்று நீங்களும் நம்பிவிடுவீர்கள்!

முகப்புப் பக்கம் வந்துவிட்டதே என்று அதோடு நிறுத்தக் கூடாது. லாகின், கார்ட், தேடல், கான்டாக்ட் ஃபார்ம் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். பேமென்ட்டில் மட்டும் உஷார். பணம் வந்ததாக கேட்வே அனுப்பும் தகவல் டிஎன்எஸ்-ஐப் பார்த்துத்தான் போகும், அதாவது பழைய சர்வருக்கு. அதனால் டெஸ்ட் ஆர்டர் ‘பெண்டிங்’ என்று நின்றால் அது புது சர்வரின் தப்பாக இருக்க வேண்டியதில்லை. பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால், புது சர்வரில் எஸ்எஸ்எல் சான்றிதழ் இன்னும் இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம். டிஎன்எஸ்-ல் ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு சேர்த்து முன்கூட்டியே வாங்கிவிட முடியும்.

எல்லாம் ஓகே என்றால், மாற்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே டிடிஎல்-ஐ 300 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். அப்புறம் ஐபி இருக்கும் ‘ஏ’ ரெக்கார்டை மட்டும் மாற்றினால் போதும். நேம்சர்வரையே மாற்றுபவர்கள், மெயிலுக்கான ‘எம்எக்ஸ்’ ரெக்கார்டுகளைப் புது இடத்தில் முதலிலேயே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் சைட் ஓடும், மெயில் வராது.

வேலை முடிந்ததும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சேர்த்த வரியை அழித்துவிடுங்கள். நிறைய பேர் மறப்பது இதைத்தான். அடுத்த முறை சர்வர் மாறும்போது ஊருக்கே சைட் தெரியும், உங்கள் லேப்டாப்பில் மட்டும் தெரியாது.