உள்ளிருக்கும் பார்வையாளர்

ஆடம் ஸ்மித் என்றதும் பொருளாதாரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்தது அறவியல். 1759இல் வெளிவந்த அவருடைய முதல் நூலும் மனிதரின் அறவுணர்வுகளைப் பற்றியதே.

அதன் மிகக் கூர்மையான இடம் ஒரு கற்பனைச் சூழல். சீனாவில் நிலநடுக்கம், பல கோடிப் பேர் மாண்டுவிட்டனர். செய்தி கேட்ட ஐரோப்பியர் ஒருவர் வருந்துவார், வாழ்வின் நிலையாமை பற்றி நாலு வார்த்தை பேசுவார், இரவு நன்றாகத் தூங்கியும்விடுவார். நாளை தன் சுண்டுவிரல் போகப்போகிறது என்றாலோ அவருக்குக் கண்ணே மூடாது. சரி, அந்த விரலைக் காக்க அத்தனை உயிர்களைப் பலிகொடுக்கச் சம்மதிப்பாரா? மாட்டார், அந்த நினைப்பே அவரை நடுங்கவைக்கும். உணர்ச்சி இவ்வளவு தன்னலமாக இருந்தும் செயலைத் தடுப்பது எது? இரக்கத்துக்கு அவ்வளவு வலு கிடையாது என்கிறார் ஸ்மித். பகுத்தறிவும் மனசாட்சியுமே தடுக்கின்றன. பலரில் தானும் ஒருவன்தான் என்று உணர்த்தும் பாரபட்சமற்ற பார்வையாளர் ஒருவர் நெஞ்சுக்குள் இருக்கிறார்.

பிறர் நம்மை மதிப்பிடுவதைக் கண்டு கண்டே அந்தப் பார்வையாளர் உருவாகிறார். அப்படியானால் ஊரே தவறாகப் பழித்தால்? 1762இல் துலூஸ் நகரில் ழான் கலாஸ் என்ற வணிகர், மகனைக் கொன்றதாகப் பொய்க் குற்றம் சுமத்தப்பட்டுச் சித்திரவதையோடு கொல்லப்பட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்மித் அந்நகரில் பல மாதங்கள் தங்கினார். 1790இல், இறப்பதற்குச் சற்று முன் வந்த அந்நூலின் ஆறாம் பதிப்பில் கலாஸைக் குறிப்பிட்டார். பொய்ப்பழி குற்றமற்றவரின் உள்ளிருக்கும் நீதிபதியையே தடுமாறச் செய்யும் என்பதை நேர்மையாக ஒப்புக்கொண்ட ஸ்மித், அத்தகையோருக்கு மறுமையின் நீதியில் வைக்கும் நம்பிக்கையே ஆறுதல் என்று எழுதினார்.