24 வீதம் என்று சொல்லிக் கொடுக்கும் கிழமைக் கடன்

இடியப்பம் அவித்து விற்பவர், வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவர், பெட்டிக்கடை நடத்துபவர். வங்கி கேட்கும் பிணையாளியும் சம்பளப் பட்டியலும் இவர்களிடம் இல்லை. அதனால் வாசலுக்கே வரும் நுண்நிதிக் கடனை எடுக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். அந்தக் கடனின் உண்மையான வட்டி எவ்வளவு என்பதை ஒரு கணக்கின் மூலம் விளக்கலாம் என நினைக்கிறேன்.

50,000 ரூபா கடன், ஆண்டுக்கு 24 வீதம், 52 கிழமை என்று வைத்துக்கொள்வோம். வட்டி 12,000. மொத்தம் 62,000. கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபா. பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் 50,000 ரூபா முழுவதும் அவர் கையில் இருப்பது முதல் கிழமை மட்டுமே. அரை வருடம் போனால் பாதி முதலைத் திருப்பிக் கட்டியிருப்பார். வட்டியோ கடைசிக் கிழமை வரை முழு 50,000 ரூபாவுக்கும் அறவிடப்படுகிறது. இதைத்தான் 'பிளாட் ரேட்' என்கிறார்கள். குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் அது 24 அல்ல, ஏறக்குறைய 44 வீதம். ஆவணச் செலவு, காப்புறுதி என்று ஆரம்பத்திலேயே 2,500 ரூபாவைக் கழித்துக்கொண்டால் 55 வீதத்தைத் தொடும்.

அடுத்தது குழுப் பிணை. ஒருவர் கட்டாவிட்டால் குழுவின் மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். ஆகவே அறவிட வருபவரை விடப் பக்கத்து வீட்டாரின் முகமே பெரிய அழுத்தம். அந்த வெட்கத்தில்தான் ஒரு கடனை அடைக்க இன்னொரு இடத்தில் கடன் வாங்குகிறார்கள்.

நிலைமை முற்றியதால், 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் ஒரு இலட்சம் ரூபா வரை பெற்று, கட்ட முடியாமல் போன கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில், மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்களின் நுண்நிதிக் கடனுக்கு 35 வீத உச்சவரம்பு வந்தது. அது பிளாட் கணக்குக்கு அல்ல, உண்மையான ஆண்டு வீதத்துக்கு. இந்த வித்தியாசம் கடன் எடுக்கும் சகோதரிகளுக்கு யாராலும் சொல்லப்படுவதில்லை.

வட்டி ஹராம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை மிம்பரிலிருந்து மீண்டும் மீண்டும் சொல்லிவிட்டு மாற்று வழி எதையும் காட்டாமல் இருப்பது என் பார்வையில் அநீதி. பாகிஸ்தானில் 2001 இல் டாக்டர் அம்ஜத் ஸாகிப் ஆரம்பித்த அகுவத் அமைப்பு வட்டியில்லாமல் சிறுகடன் கொடுக்கிறது. பணம் கொடுக்கும் இடமே பெரும்பாலும் பள்ளிவாசல்தான். தனி மண்டபச் செலவு இல்லை.

நமது மஹல்லாக்களிலும் இது முடியாத காரியமல்ல. ஸகாத்தைக் கடனாகக் கொடுக்கலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஸதகாவில் அந்தச் சிக்கல் இல்லை. 10 இலட்சம் ரூபா சேர்ந்தால் 40 பேருக்கு 25,000 வீதம் கர்ழ் ஹஸன் கொடுக்கலாம். ஆளுக்குக் கிழமைக்கு 500 ரூபா, 50 கிழமை. எல்லோரும் ஒழுங்காகக் கட்டினால் வாரம் 20,000 ரூபா திரும்பி வரும். ஐந்து கிழமையில் இன்னும் நான்கு பேருக்குக் கொடுத்துவிடலாம்.