இரு கரைக்கும் ஒரே டிக்கெட்

எழும்பூர் ரயில் நிலையத்தில் கொழும்புக்கு ஒரே டிக்கெட்டாக வாங்கிக்கொண்டு, இரவு வண்டியில் ஏறிப் படுத்து, மறுநாள் தனுஷ்கோடித் துறையில் இறங்கிக் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறி, அதற்கடுத்த நாள் காலையில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் மூட்டைமுடிச்சுகளோடு போய் இறங்குவதென்பது, ஐம்பது வருஷ காலம் தமிழ்நாட்டில் சர்வசாதாரணமான பிரயாணமாக இருந்தது. அந்த வண்டிக்கு இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஜனங்களுக்கு அது போட் மெயில். ஐரோப்பாவில் எல்லை நகரங்களுக்கு ரயிலில் போய்வருவதைப் பற்றி வியந்து பேசுவோரைக் கேட்கும்போதெல்லாம், நமது ராமநாதபுரம் கடற்கரையிலும் அப்படி ஓர் எல்லை நகரம் இருந்ததை எடுத்துச் சொல்ல வேண்டுமென்று எனக்குத் தோன்றும்.

முதலில் இந்த மார்க்கம் தூத்துக்குடி வழியாகவே இருந்தது. 1876-இல் ரயில் தூத்துக்குடியை எட்டியதும், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலேறுவது வழக்கமாயிற்று. ஆனால் அது நெடுந்தூரக் கடற்பிரயாணம்; அலை பொறுக்காதவர்களுக்குப் பெரும் அவஸ்தை. மண்டபம் வரை ரயில் வந்துவிட்ட பிற்பாடு, எதிரே தெரியும் பாம்பன் தீவுக்குப் பாலம் ஒன்று அமைந்துவிட்டால், தீவின் தென்கிழக்குக் கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 35 கிலோமீட்டர்தான் என்கிற கணக்கு, ரயில்வேக்காரர்களின் கருத்தைக் கவர்ந்தது. 1914-ஆம் வருஷம் பிப்ரவரி 24-ஆம் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே வருஷத்தில் மறுகரையிலும் தலைமன்னார் வரை இருப்புப்பாதை வந்து சேர்ந்தது.

இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில், 145 தூண்களின் மீது தாழ்வாகக் கடலை ஒட்டிச் சென்ற அந்தப் பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது, ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்குத் தண்டவாளமும் தெரியாது, பாலத்தின் கைப்பிடியும் தெரியாது. இருபுறமும் தண்ணீர் மட்டுமே தெரியும். கப்பல்கள் போக்குவரத்துக்காக நடுவில் ஷெர்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் முறைப்படி அமைந்த தூக்குப்பகுதி இருந்தது. அதன் இரண்டு இறக்கைகளையும் இருபக்கமும் நின்ற ஆட்கள் நெம்புகோல்களைச் சுற்றிச் சுற்றியே மேலே எழுப்பினார்கள். காற்றின் வேகத்தை அளக்கும் கருவியொன்று பாலத்தில் வைக்கப்பட்டு, மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் சிக்னல் தானே சிவப்பாகிவிடும்படியும் செய்யப்பட்டது. வண்டி மண்டபத்திலேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான். அங்கே வாயுதேவனின் உத்தரவுக்கு மேல் உத்தரவு கிடையாது.

பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை ராமேசுவரத்துக்கும் மற்றொன்று தனுஷ்கோடிக்கும் போயிற்று. தனுஷ்கோடியில் ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபாலாபீஸ், பள்ளிக்கூடம், கோயில், மாதா கோயில் எல்லாம் அந்த மணல் திட்டின் மேலேயே எழும்பின. துறையில் வண்டி வந்து நின்றதும், போர்ட்டர்கள் பெட்டிகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னே போக, பிரயாணிகள் பின்னே நடந்து கப்பலில் ஏறுவார்கள். இர்வின், கோஷன் என்ற இரண்டு கப்பல்களின் பெயர்கள் அந்தக் கரையின் முதியோர் பேச்சில் வெகுகாலம் அடிபட்டுக்கொண்டிருந்தன.

லண்டனிலிருந்து பாரீசுக்கு ஒரு காலத்தில் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றிக் கடத்திய இரவு வண்டி ஒன்று இருந்தது. தூங்குகிறவர் எழுந்திருக்கக்கூடத் தேவையில்லை. இங்கே அது சாத்தியமாகவில்லை. காரணம், நம் பக்கத்துப் பாதை மீட்டர் கேஜ். இலங்கைப் பாதையோ அகலப்பாதை. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே ஹெண்டாயே, இரூன் என்று அடுத்தடுத்து அமைந்த எல்லை ஊர்களிலும், தண்டவாள அகலம் வேறுபட்டதனால், பிரயாணிகள் தலைமுறை தலைமுறையாக இறங்கி ஏறவேண்டியிருந்தது. அவர்களுக்கு நடுவே ஒரு சிற்றாறு; நமக்கு நடுவே ஒரு ஜலசந்தி.

இந்த வண்டியில் சென்றவர்களில் இரண்டு வகையினர் உண்டு. சிதம்பரத்துக்கும் ராமேசுவரத்துக்கும் தரிசனத்துக்கு வந்த யாழ்ப்பாணத்தார், சென்னைக் கல்லூரிகளுக்கு வந்த மாணவர்கள், வியாபாரிகள், சங்கீத வித்வான்கள் எல்லாரும் ஒரு வகை. மற்றொரு வகையினர், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்கள். இவர்களைத் தனுஷ்கோடிக்கு நேரே போகவிடவில்லை. மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் இறக்கி, காலரா, அம்மை முதலிய தொற்று நோய்களின் பொருட்டுச் சில நாட்கள் தடுத்து வைத்துப் பரிசோதித்த பின்னரே கடல் கடக்க அனுமதித்தார்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று அடையாளமிட்ட ஒரு சிறிய தகரத் துண்டு அவர்களுக்குப் பிரயாணச் சீட்டாக இருந்தது. பிரயாணச் செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறி, தொழிலாளியின் கடனாக வந்து விடிந்தது. பெயரில்லாமல் எண் மட்டும் தாங்கிய அந்தத் தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமுத்திரத்தைக் கடந்தவர்களின் உழைப்பில்தான் இலங்கையின் தேயிலை உலகமெங்கும் மணத்தது. போட் மெயிலின் சௌகரியங்களைப் புகழ்ந்து பேசும்போது இவர்களை மறப்பது தர்மமாகாது.

இரண்டாம் உலக யுத்த சமயத்தில், ராமேசுவரத்தில் வண்டி நிற்பது ரத்தாகியிருந்தபோது, ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கியெடுத்து உதவி, தம் முதல் சம்பாத்தியத்தைப் பெற்றதாக அப்துல் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

சுதந்திரத்துக்குப் பின்பே கடலில் எல்லை என்பது உண்மையில் விழுந்தது. இலங்கையின் 1948-ஆம் வருஷத்துக் குடிவரவுச் சட்டத்தை அடுத்து பாஸ்போர்ட்டும் விசாவும் கட்டாயமாயின. அண்டை வீட்டுக்குப் போவதுபோல் போய்வந்தவர்கள் அந்நியர்களாக வரிசையில் நின்றார்கள். 1964 அக்டோபர் 30-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு வரவேண்டும் என்று தீர்மானமாயிற்று.

அந்த மை காய்ந்து இரண்டு மாதங்கூட ஆகவில்லை. டிசம்பர் 22-ஆம் தேதி இரவில் புயல் வந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி, தனுஷ்கோடியை அடையுமுன்பே பேரலைக்குள் அகப்பட்டு, அதிலிருந்த 100-க்கும் மேற்பட்டோரும் மாண்டார்கள். தனுஷ்கோடி ஊரும், துறையும், இருப்புப்பாதையும் போயின. பாம்பன் பாலத்தில் 126 உத்தரங்களைக் கடல் அடித்துக்கொண்டு போயிற்று. பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயாலும் டெல்லி மெட்ரோவாலும் பெயர்பெற்ற ஸ்ரீதரன், இளம் பொறியாளராக அங்கே பொறுப்பேற்று, கடலில் விழுந்த உத்தரங்களையே தேடியெடுத்துத் திரும்பப் பொருத்தி, 46 நாட்களில் பாலத்தில் வண்டியை ஓடவைத்தார். தனுஷ்கோடி மட்டும் மீளவில்லை. ராமேசுவரத்திலிருந்தே ராமானுஜம் என்ற கப்பல் தலைமன்னாருக்குப் போய்வந்தது. ஒப்பந்தப்படி திரும்பியவர்களில் பெரும்பாலோர் அதில்தான் வந்திறங்கினார்கள். மண்டபம் முகாம் அவர்களை ஏற்றுக்கொண்டது. முன்னோர் போன அதே வழியில், போனபோதிருந்த அதே வறுமையோடு, கண்ணாலும் கண்டிராத சொந்த ஊர்களைத் தேடி அவர்கள் வந்தார்கள். 1984-இல் இலங்கையின் உள்நாட்டு யுத்தத்தின் காரணமாக அந்தக் கப்பலும் நின்றுபோயிற்று.

இப்போதைய நிலைமையைச் சொல்லாமல் விடலாகாது. 2007-இல் ராமேசுவரம் பாதை அகலப்பாதையாயிற்று. யுத்தத்தில் அழிந்த தலைமன்னார்ப் பாதையை இந்தியாவின் உதவியோடு புதுப்பித்து, 2015 மார்ச் 14-இல் திறந்தார்கள். 2025 ஏப்ரல் 6-இல், பழைய பாலத்துக்குப் பக்கத்தில், 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும் புதிய பாம்பன் பாலமும் வந்துவிட்டது. ஒரு காலத்தில் தடையாக இருந்த அகல வித்தியாசம் ஒழிந்து, இரு கரையிலும் ஒரே அளவுள்ள தண்டவாளங்கள் இருக்கின்றன. நடுவே ஓட வேண்டிய கப்பல்தான் இல்லை. அதை மீண்டும் ஓட்டுவது இரண்டு அரசாங்கங்களின் கடமை என்றே நான் கருதுகிறேன். கோயில்களும் உறவுகளும் இரண்டு கரையிலும் கிடக்க, ராமேசுவரத்துக்காரர் எதிர்க்கரை செல்ல மதுரைக்கோ சென்னைக்கோ போய் விமானம் ஏறவேண்டியிருப்பது நியாயமாகாது.

அதுவரையில், ரயிலும் கப்பலுமாகவே இலங்கை போக வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்களுக்கு வடக்கே ஒரு வழி இருக்கிறது. நாகப்பட்டினம் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பலில் ஏறினால், சுமார் நான்கு மணி நேரத்தில் மறுகரை வந்துவிடும். காங்கேசன்துறையிலிருந்து யாழ்தேவி ரயில் கொழும்புக்குப் போகிறது. பாஸ்போர்ட்டும் விசா அனுமதியும் கையில் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பலை நிறுத்திவிடுவார்கள். ஆகையால் மூட்டை கட்டுமுன் கப்பல் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.