பூட்டி வைத்தாலும் கெடும் பியானோ!

விலை உயர்ந்த பியானோ. வீட்டில் யாரும் தொடுவதில்லை. போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். பத்திரமாக இருக்கிறதா? இல்லை! சுருதி இறங்கிக்கொண்டே போகிறது.

காரணம் என்ன?

பியானோவில் 88 கட்டைகள். உள்ளே 200-க்கு மேற்பட்ட கம்பிகள். அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 15 டன்னுக்கும் மேல். ஒரு பெரிய லாரிச் சுமை! அதைத் தாங்குவது வார்ப்பு இரும்புச் சட்டம். ஆனால் ஓசையைப் பெருக்குவது மெல்லிய மரப்பலகை. மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் அந்தப் பலகை உப்பும். கட்டைகளும் அமுக்கினால் எழும்பாமல் ஒட்டிக்கொள்ளும். குளிர் நாடுகளில் வேறு தொல்லை. வீட்டுக்குள் சூடேற்றுவதால் காற்று உலர்ந்து, பலகை சுருங்கி, வெடிப்பு விழுவதும் உண்டு.

ஆகவே வெயில் படும் ஜன்னல் ஓரம் ஆகாது. ஹீட்டர் பக்கமும் ஆகாது. மேலே பூச்சாடி வைப்பது அழகுதான். தண்ணீர் சிந்தினால் போச்சு! கம்பளி தின்னும் பூச்சிக்கும் இடம் தரக்கூடாது. கம்பிகளைத் தட்டும் சுத்திகள் கம்பளியால் போர்த்தியவை.

ஆண்டுக்கு இரண்டு தடவை சுருதி சேர்க்க வேண்டும். வாசிக்காவிட்டாலும்தான். பல ஆண்டுகள் விட்டுவிட்டால் ஒரே நாளில் சரிசெய்ய முடியாது. அவசரப்பட்டு முறுக்கினால் பழைய கம்பி அறுந்துவிடும். சுருதி சேர்ப்பவர் இரண்டு மூன்று தடவை வரவேண்டியிருக்கும்.